யார் மீது எத்தனை சதவீதம்?

2017 ஜனவரி 7. கோவையில் நெடுஞ்சாலை ஒன்றில் ஒரு கார் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுபவரின் மனைவி கர்ப்பிணி. வாந்தி வருகிறது என்கிறார். கார் சட்டென்று நிற்கிறது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த 20 வயது பொறியியல் மாணவர் காரின் பின்புறத்தில் மோதிச் சாலையில் விழுகிறார். அவருக்குப் பின்னால் வந்த பஸ் அவருடைய இடது கால் மீது ஏறிவிடுகிறது. அந்தக் காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

சில நொடிகளில் நடந்து முடிந்த இந்த விபத்தில் யார் மீது எவ்வளவு தவறு என்று தீர்மானிக்க எட்டரை ஆண்டுகள் ஆயின. மூன்று நீதிமன்றங்கள் மூன்று கணக்குகளைச் சொல்லின.

முதலில் விசாரித்த மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், காருக்கு இதில் பொறுப்பே இல்லை என்றது. பஸ் மீது 80 சதவீதம், மாணவர் மீது 20 சதவீதம். சென்னை உயர் நீதிமன்றம் இதை மாற்றியது. கார் 40, பஸ் 30, மாணவர் 30. கடைசியில் 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் கார் 50, பஸ் 30, மாணவர் 20 என்று முடித்தது. சாட்சிகள் அவர்களேதான், ஆவணங்களும் அவையேதான். தீர்ப்பாயத்தில் பூஜ்யமாக இருந்த காரின் பங்கு உச்ச நீதிமன்றத்தில் பாதியாகிவிட்டது.

இந்த எண்கள் ரூபாயாக மாறும்போதுதான் அவற்றின் கனம் தெரிகிறது. தீர்ப்பாயம் போட்ட மொத்த இழப்பீடு 91,62,066 ரூபாய். அதில் மாணவரின் 20 சதவீதத்தைக் கழித்தால் கைக்கு வருவது 73,29,653. உயர் நீதிமன்றத்தில் மொத்தமும் குறைந்தது, கழிவும் 30 சதவீதமாக ஏறியது. கிடைத்தது 58,53,447. உச்ச நீதிமன்றம் மொத்தத்தை 1,14,24,066 ஆக்கி, 20 சதவீதம் கழித்து, 91,39,253 ரூபாயை ஏழரை சதவீத வட்டியுடன் தரச் சொன்னது. இந்தக் கடைசித் தொகையை வைத்துப் பார்த்தால், தவறில் ஒரு சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ அதன் விலை 1,14,240 ரூபாய். உயர் நீதிமன்றம் மாணவர் மீது கூடுதலாக ஏற்றிய பத்துப் புள்ளிகள் அப்படியே நின்றிருந்தால், அவர் 11 லட்சத்துக்கு மேல் இழந்திருப்பார்.

ஒரு மனிதரின் செயற்கைக் கால், மருத்துவச் செலவு, கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் சம்பளம் எல்லாம் இந்தப் புள்ளிகளில் அடங்கியிருக்கின்றன. அப்படிப்பட்ட எண்ணை ஒரு நீதிமன்றம் எப்படி எட்டுகிறது? 20 என்றால் ஏன் 20, ஏன் 15 இல்லை? இழப்பீட்டு வழக்குகளில் இழுபறி நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வருமானம், வயது, ஆண்டு வருமான இழப்பை எத்தனையால் பெருக்குவது என்ற பெருக்கல் எண் ஆகியவற்றுக்கெல்லாம் உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் அட்டவணையே போட்டுக் கொடுத்துவிட்டது. வயது 20 என்றால் பெருக்கல் எண் 18. இதில் யாரும் வாதாட முடியாது. தவறின் பங்குக்கு மட்டும் அட்டவணை கிடையாது. அட்டவணை போடவும் முடியாது. அதனால்தான் அந்த எண்ணுக்கான காரணம் தீர்ப்பில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பல தீர்ப்புகளில் அது இல்லை.

முதல் மூன்று தாள்கள்

2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் நடந்த விபத்துகள் 64,105. நாட்டிலேயே இதுதான் அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். இவற்றில் இழப்பீட்டு மனுவாக மாறும் ஒவ்வொன்றும் சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றத்துக்கும் மாவட்டங்களில் அந்தந்தத் தீர்ப்பாயங்களுக்கும் எம்.சி.ஓ.பி. என்ற வழக்கு எண் பெற்று வந்து சேர்கிறது. அந்தக் கட்டுகளைப் பிரித்தால் முதலில் இருப்பது மூன்று தாள்கள். தவறு யார் மீது என்ற சண்டை இவற்றில்தான் தொடங்குகிறது.

ஒன்று, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. வழக்கறிஞர்கள் ஏ.ஆர். காப்பி என்பார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் டாக்டர், அடிபட்டவரைக் கொண்டுவந்தவர் சொல்வதைக் கேட்டு ஓரிரு வரி எழுதுவார். கொண்டுவந்தவர் பெரும்பாலும் வழியில் போனவர், ஆட்டோக்காரர் அல்லது ஆம்புலன்ஸ் ஊழியர். விபத்தைப் பார்த்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 'டூ வீலரில் இருந்து விழுந்து' என்று அவர் சொன்னால் அதுவே பதிவாகிவிடும். மோதிய காரைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. பல மாதங்கள் கழித்துத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் தரப்பு இந்த வரியைத்தான் முதலில் எடுத்து நீட்டும். அடிபட்டவர் தானாக விழுந்தவர், காரைப் பிறகு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள் என்று வாதாடும்.

இந்தச் சந்தேகத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. விபத்தில் இல்லாத வண்டியைக் கணக்கில் கொண்டுவரும் மோசடி நாட்டில் நடக்கத்தான் செய்கிறது. உத்தரப் பிரதேசத்தில் போலி இழப்பீட்டு மனுக்களை ஆராயச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டி வந்தது. அந்த விவகாரம் 2021-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்க் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. ஆனால் அந்த மோசடிக்காரர்கள் செய்த வேலைக்கு, உண்மையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது தாள் எஃப்.ஐ.ஆர். புகார் கொடுப்பவர் பெரும்பாலும் அண்ணனோ மனைவியோ மைத்துனரோ. சம்பவ இடத்தில் இல்லாதவர். அவர் சொல்வதைக் காவல் நிலையத்தில் எழுதும்போது எல்லாப் புகார்களும் ஒரே வார்ப்பில் வந்துவிடுகின்றன. எதிரே வந்த வண்டி 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' வந்து மோதியது என்ற வரி மாவட்டந்தோறும் மாறாமல் இருக்கும். என்ன வேகம், எந்தப் பக்கம், இண்டிகேட்டர் போட்டதா, வெளிச்சம் இருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்காது. தீர்ப்புக்குத் தேவைப்படுவதோ அவைதான்.

மூன்றாவது, பார்வை மகஜரும் அதோடு வரும் மாதிரி வரைபடமும். வடக்கு தெற்காகப் போகும் தார்ச்சாலை, அதன் அகலம் இத்தனை அடி, சம்பவ இடம் கிழக்கு ஓரத்திலிருந்து இத்தனை அடி என்று இருக்கும். ஒரு பெருக்கல் குறி போட்டு 'சம்பவ இடம்' என்று எழுதியிருப்பார்கள். வண்டிகளை ஓரங்கட்டிப் போக்குவரத்தைச் சீர்செய்த பிறகு, சில சமயம் மறுநாள் போய் வரைந்த படம் அது. அந்தப் பெருக்கல் குறி சாலையின் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் ஒருவருக்கு லாபம், அந்தப் பக்கம் இருந்தால் மற்றவருக்கு. மோதிய பிறகு வண்டி போய் நின்ற இடமும் மோதல் நடந்த இடமும் வேறுவேறாக இருக்கலாம். கேரளத்திலிருந்து வந்த ஜிஜு குருவிலா வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. நேரடிச் சாட்சியம் இல்லாமல் மகஜரை மட்டும் வைத்துக்கொண்டு, இறந்தவர் மீதும் பாதித் தவறு என்று சுமத்தக் கூடாது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தப் பெருக்கல் குறியை நம்பி எழுதும் தீர்ப்புகள் நிற்கவில்லை.

கூண்டில் நிற்பவரும் வராமல் போனவரும்

தீர்ப்பாயத்தில் சாட்சிக் கூண்டு ஏறுபவர் பெரும்பாலும் மனுதாரர் மட்டுமே. ம.சா.1, அதாவது மனுதாரர் தரப்பின் முதல் சாட்சி. தன் கதையைப் பிரமாண வாக்குமூலமாக ஏற்கெனவே கொடுத்திருப்பார். அன்றைக்கு நடப்பது குறுக்கு விசாரணை. இன்சூரன்ஸ் கம்பெனி வழக்கறிஞர் வரிசையாகக் கேட்பார். எஃப்.ஐ.ஆர். எத்தனை நாள் கழித்துப் போட்டது? உங்களிடம் லைசென்ஸ் இருந்ததா? ஹெல்மெட் போட்டிருந்தீர்களா? பின் சீட்டில் எத்தனை பேர்? எதிரே வந்த வண்டியை எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள்? பதில்கள் சாட்சியத் தாளில் ஒரு தனி நடையில் ஏறும். 'என் கவனக்குறைவால்தான் விபத்து ஏற்பட்டது என்றால் சரியல்ல.' 'எதிர்மனுதாரர் வாகனம் மெதுவாக வந்தது என்றால் எனக்குத் தெரியாது.'

அந்த 'தெரியாது' ஆபத்தானது. தலையில் அடிபட்டு ஒரு வாரம் நினைவில்லாமல் இருந்தவருக்கு எதிரே வந்த வண்டியின் வேகம் எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்னால் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். அதைச் சொன்ன நேர்மைக்காக அவர் பங்கில் பத்து சதவீதம் ஏறலாம்.

மோதிய வண்டியின் டிரைவர் எங்கே? பெரும்பாலான வழக்குகளில் டிரைவரும் உரிமையாளரும் எக்ஸ்பார்ட்டி. சம்மன் போகும், ஆள் வர மாட்டார். பணம் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனிதானே என்று இருந்துவிடுவார்கள். சம்பவத்தை மிக அருகிலிருந்து பார்த்த, அடிபடாத, நினைவு தப்பாத ஒரே மனிதர் வாய் திறக்காமலே வழக்கு முடிந்துவிடுகிறது. சாட்சி சொல்ல வேண்டியவர் வராமல் போனால் அவருக்குப் பாதகமாகவே ஊகிக்கலாம் என்று சாட்சியச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துகிற நீதிபதிகள் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, கூண்டில் ஏறிய மனுதாரரின் பதில்களை மட்டுமே நிறுத்துப் பார்க்கும் தீர்ப்புகளும் இருக்கின்றன. அங்கே வராமல் இருந்தவர் ஜெயிக்கிறார்.

இன்னொன்றும் நடக்கிறது. லோக் அதாலத்தில் சமரசம் பேசும்போது இந்தச் சதவீதம் பேரத்துக்கான பயமுறுத்தலாகிறது. 'கோர்ட்டுக்குப் போனால் ஐம்பது பர்சென்ட் உங்கள் மேலேயே போட்டுவிடுவார்கள், இதை வாங்கிக்கொள்ளுங்கள்' என்பது வழக்கமான பேச்சு. வீட்டில் சம்பாதித்தவரை இழந்து, பள்ளிக்கட்டணம் கட்ட வழியில்லாமல் நிற்கும் குடும்பம் இதைக் கேட்டுத் தலையாட்டிவிடும்.

'பின்னால் இடித்தவன்தான்'

சாலையில் நமக்கெல்லாம் தெரிந்த இரண்டு சட்டங்கள் உண்டு. பெரிய வண்டி மேல்தான் கேஸ். பின்னால் வந்து இடித்தவன் மேல்தான் தப்பு. டீக்கடையில் தொடங்கிக் காவல் நிலையம் வரை இவை செல்லும். சட்டப் புத்தகத்தில் இரண்டுமே இந்த வடிவில் இல்லை.

முன்னே போகும் வண்டிக்குப் போதிய இடைவெளி விட வேண்டும் என்பது விதி. 2018 ஏப்ரலில் வந்த நிஷான் சிங் வழக்கின் தீர்ப்பு அந்த விதியைக் கறாராகப் பிடித்தது. முன்னே லாரி, பின்னே கார், இடைவெளி பத்துப் பதினைந்து அடி. லாரி திடீரென்று பிரேக் போட்டது, கார் மோதியது. அவ்வளவு நெருங்கி வந்ததே காரின் தவறு, லாரி மீது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கோவை மாணவர் வழக்கிலும் முன்வண்டி திடீரென்று நின்றதுதான் நடந்தது. அங்கே முன்வண்டி மீது பாதிப் பொறுப்பு வந்தது. நெடுஞ்சாலையில் எல்லாரும் வேகமாகத்தான் வருவார்கள், அங்கே வண்டியை நிறுத்த நினைப்பவர் பின்னால் வருபவர்களுக்கு முன்கூட்டி எச்சரிக்கை தர வேண்டும், மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்பது நடுச்சாலையில் நிறுத்துவதற்கான நியாயமான விளக்கம் ஆகாது என்றது தீர்ப்பு. தீர்ப்பாயம் பின்னால் இடித்தவன் கணக்கைப் பார்த்துக் காரை விட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம், அந்தக் கார் ஏன் அந்த இடத்தில் நின்றது என்று கேட்டது. விடை மாறியதற்குக் காரணம் இந்தக் கேள்விதான்.

நம் நெடுஞ்சாலைகளில் இதைவிடக் கொடுமையானது, நிற்கும் லாரி. டயர் வெடித்தோ ஆக்ஸில் முறிந்தோ இரவில் நடுச்சாலையில் நிற்கும். பின்விளக்கு எரியாது. முக்கோணப் பிரதிபலிப்பான் இருக்காது. நாலு கல்லும் ஒரு மரக்கிளையும்தான் எச்சரிக்கை. அதில் மோதி இறந்தவரின் குடும்பத்திடம், உங்கள் ஆள் ஹெட்லைட் வெளிச்சத்தில் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டுப் பாதியைக் கழிப்பது பல நீதிமன்றங்களில் பழக்கமாகவே இருந்தது. 2018 பிப்ரவரியில் அர்ச்சித் சைனி வழக்கில் நடுச்சாலையில் நின்ற டேங்கர் லாரி விஷயத்தில் உயர் நீதிமன்றம் போட்ட 50 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 செப்டம்பரில் இன்னொரு வழக்கிலும் அப்படியே. நெடுஞ்சாலையில் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் விட்டுப்போன ட்ரெய்லர் லாரி. இருட்டில் அது இருப்பதைக் கண்டுபிடிக்கும் சுமையை மோதியவர் தலையில் வைக்க முடியாது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் அந்த இரண்டு நொடியை ஸ்டீயரிங் பிடித்த எவரும் அறிவார்கள்.

இந்தச் சிக்கல் மோட்டார் வண்டிக்கு முந்தியது. இங்கிலாந்தில் 1842-இல் ஒருவர் தன் கழுதையின் முன்னங்கால்களைக் கட்டிச் சாலையில் மேய விட்டிருந்தார். வேகமாக வந்த வண்டி அதன் மேல் ஏறிவிட்டது. தன் பக்கம் சிறிதளவு தவறு இருந்தாலும் ஒரு பைசா கிடைக்காது என்ற காலம் அது. கழுதையை அங்கே விட்டது தவறுதான், ஆனால் வண்டிக்காரர் கவனமாக வந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று சொல்லி நஷ்டஈடு தந்தார்கள். முழுசாக அல்லது ஒன்றுமில்லை என்ற நிலை போய், தவறைப் பங்கு பிரிக்கும் சட்டம் அங்கே 1945-இல்தான் வந்தது. இந்தியா முழுமைக்கும் அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. கேரளம் மட்டும் 1976-இல் தனக்கென ஒன்று இயற்றிக்கொண்டது. மற்ற மாநிலங்களில் நீதிமன்றங்கள் தீர்ப்புகளின் வழியாகவே பங்கு பிரிக்கின்றன.

விதியை மீறியது வேறு, விபத்தை உண்டாக்கியது வேறு

மூன்று பேர் ஒரே பைக்கில் போகிறார்கள். ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் அந்த பைக்கைப் பின்னால் வந்த கார் இடிக்கிறது. மூன்று பேர் போனது சட்டப்படி தவறு. அந்தத் தவறால்தான் கார் இடித்ததா?

2020 ஜனவரியில் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைக் கேட்டு, கழித்த பணத்தைத் திருப்பித் தந்தது. மூன்று பேர் உட்கார்ந்ததற்கு அபராதம் போடலாம். ஆனால் அதனால்தான் விபத்து நடந்தது, அல்லது அதனால்தான் காயம் இவ்வளவு கடுமையானது என்று காட்டினால் மட்டுமே இழப்பீட்டில் கை வைக்கலாம். லைசென்ஸ் விஷயத்திலும் 2008-இல் சுதிர் குமார் ராணா வழக்கில் இதே நிலைதான் எடுக்கப்பட்டது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினார் என்பதாலேயே அவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று ஆகாது. 2018-இல் லைசென்ஸைத் தீர்ப்பாயத்தில் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தைக் குறைத்ததையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

கோவை மாணவரின் வழக்கில் இந்த நூல் சற்று அறுந்திருக்கிறது என்பது என் கருத்து. அவர் இடைவெளி விடாமல் வந்ததோடு, செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதையும் சேர்த்துச் சொல்லித்தான் 20 சதவீதத்தைத் தீர்ப்பு நிலைநிறுத்துகிறது. இடைவெளி விடாததற்கும் மோதலுக்கும் தொடர்பு இருக்கிறது, அதை ஏற்கலாம். லைசென்ஸுக்கும் மோதலுக்கும் என்ன தொடர்பு? அந்த 20-இல் லைசென்ஸுக்கு எத்தனை? பிரித்துச் சொல்லாததால், இனி கீழ் நீதிமன்றங்களில் இதையே காட்டி லைசென்ஸுக்குத் தனியாகப் பத்து சதவீதம் கேட்க வாய்ப்பு உண்டாகியிருக்கிறது.

ஹெல்மெட் கொஞ்சம் நுணுக்கமான விஷயம். ஹெல்மெட் போடாதவரால் விபத்து உண்டாகாது. ஆனால் தலைக்காயம் குறைந்திருக்கலாம். இதற்காக ஒரு பங்கைக் கழித்த தீர்ப்புகள் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து பல வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1970-களில் சீட் பெல்ட் வழக்கு ஒன்றில் டென்னிங் பிரபு இதற்கு ஒரு வழி காட்டினார். பெல்ட் போட்டிருந்தால் காயமே இருந்திருக்காது என்றால் 25 சதவீதம் கழிக்கலாம். காயம் குறைந்திருக்கும் என்றால் 15. போட்டிருந்தாலும் இதே காயம்தான் என்றால் கழிவே கூடாது. எண்களை ஏற்கிறோமோ இல்லையோ, காயத்தைப் பார்த்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும் என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. தொடை எலும்பு முறிந்தவரிடம் ஹெல்மெட்டைச் சொல்லிப் பணம் பிடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பின்னால் உட்கார்ந்திருப்பவரின் நிலை முற்றிலும் வேறு. ஓட்டியவரும் எதிரே வந்தவரும் சேர்ந்து தவறு செய்து பின்னால் இருந்தவர் அடிபட்டால், அவர் பங்கில் கழிக்க எதுவும் இல்லை. இருவரில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் பிறகு தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளட்டும். 2015-இல் கென்யேய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் கணவர் ஓட்டிய வண்டியில் இருந்த மனைவிக்கும் குழந்தைக்கும், கணவரின் தவறுக்காகப் பாதியைக் கழிக்கும் உத்தரவுகள் வரத்தான் செய்கின்றன. 2024-இல் அந்த ட்ரெய்லர் லாரி வழக்கில் ரத்தானதும் அப்படிப்பட்ட ஓர் உத்தரவுதான். ஓட்டியவரின் தவறைப் பயணிகள் மேல் ஏற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது. மேல்முறையீட்டுக்கு உச்ச நீதிமன்றம் வரை போக முடியாத குடும்பங்களின் கதி என்ன?

சந்தேகத்தின் பலன் யாருக்கு?

இரவில் போய்க்கொண்டிருந்த பஸ் ஒன்று, தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. பாதிக்கப்பட்டவர்கள் 26 பேர், அதில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கிரிமினல் கோர்ட், இது இறைவன் செயல் என்று டிரைவரை விடுவித்துவிட்டது. அப்படியானால் இழப்பீடும் கிடையாது என்றார் பஸ் முதலாளி. என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு என்று அறியப்படும் இதில் 1980-இல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். டிரைவரைச் சிறைக்கு அனுப்புவதற்குத் தேவையான ஆதாரம் வேறு, குடும்பத்துக்கு நஷ்டஈடு தருவதற்குத் தேவையான ஆதாரம் வேறு என்றார் அவர். இங்கே ஒரு சந்தேகம், அங்கே ஒரு தெளிவின்மை என்று சொல்லி ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் தப்பிவிடாமலும், அப்பாவிகள் தவிக்காமலும் பார்த்துக்கொள்வது தீர்ப்பாயங்களின் கடமை என்றார்.

இதை அடியொற்றி 2009-இல் பிம்லா தேவி வழக்கில், விபத்து இன்ன வண்டியால் இன்ன விதமாக நடந்தது என்று இம்மி பிசகாமல் நிரூபிக்கச் சொல்லாதீர்கள், எது அதிகம் நடந்திருக்கக்கூடியது என்று பாருங்கள் போதும் என்றது உச்ச நீதிமன்றம். இந்த அளவுகோல் இரண்டு தரப்புக்கும் பொருந்த வேண்டும். இன்சூரன்ஸ் தரப்பு, மனுதாரர் மீதும் தவறு இருக்கிறது என்று சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியது அந்தத் தரப்புதான். சாட்சியே விசாரிக்காமல், குறுக்கு விசாரணையில் நாலு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டால் அது நிரூபணம் ஆகாது.

முழுத் தவறும் ஓட்டியவர் மேலேயே இருந்தால்? வேறு வண்டி எதிலும் மோதாமல் தானே கவிழ்ந்து இறந்தவரின் குடும்பத்துக்கு இந்தச் சட்டத்தில் பெரிய தொகை எதுவும் கிடைக்காது. கர்நாடகத்திலிருந்து வந்த அப்படிப்பட்ட வழக்கில் 80 லட்சம் கேட்ட குடும்பத்தின் மனுவை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வண்டி வாங்கும்போது இன்சூரன்ஸோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு இங்கேதான் கைகொடுக்கும். உரிமையாளரே ஓட்டி இறந்தால், தவறு யாருடையது என்று பார்க்காமல் கிடைக்கும் பணம் அது. பலர் அதைத் தேவையற்ற செலவு என்று நினைத்துப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம்.

தவறு யாருடையது என்று கேட்காமலே இழப்பீடு தரும் பிரிவு ஒன்றும் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். இதை வாங்கிக்கொண்டால் தவறை நிரூபித்துக் கேட்கும் பெரிய தொகையை விட்டுவிட வேண்டும். காலை இழந்த 20 வயதுப் பையனுக்கு இரண்டரை லட்சம் எந்த மூலைக்கு? அதனால் சண்டை ஓயவில்லை. அதே நாளில் இன்னொரு மாற்றமும் வந்தது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு. அறுவைச் சிகிச்சைகளுக்கே ஓராண்டு ஆகும் என்ற நிலையில் இந்தக் கெடு எத்தனை பேரை வெளியே தள்ளும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வழக்குகள் இருக்கின்றன.

48 மணி நேரமும் 90 நாளும்

அதே 2022-இன் விதிகளில் உருப்படியான ஒன்று இருக்கிறது. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை போக வேண்டும். சாட்சிகள், புகைப்படங்கள், வண்டி ஆவணங்கள், ஓட்டுநர் விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நடைமுறைப்படுத்தக் காவல் நிலையங்களில் தனிப் பிரிவு அமைக்கச் சொல்லி மூன்று மாதம் கெடு கொடுத்தது. சம்பவ இடத்திலிருந்தே படமும் இருப்பிட விவரமும் ஏற்றும் மின்னணுத் தரவுத் தளம் ஐ.ஐ.டி. மெட்ராஸின் உழைப்பில் உருவாகி நாடெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. கருவியும் விதியும் தயார். குறை, காவல் நிலைய அளவில்தான். பந்தோபஸ்துக்கும் ரோந்துக்கும் ஓடும் ஒரு சப்-இன்ஸ்பெக்டரிடம், டயர் தடத்தை அளந்து, உடைந்த கண்ணாடிச் சில்லு கிடந்த இடத்தைக் குறித்து, எதிர்க் கடையின் சிசிடிவி பதிவை அன்றே வாங்கு என்று சொல்கிறோம். அதற்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும்.

அது வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது. சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்து, அதன் மேல் புதிய பதிவு ஏறிவிடும். எனவே முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் சம்பவ இடத்துக்குப் போய் பெட்ரோல் பங்க், கடை, டோல்கேட் என்று எங்கெல்லாம் கேமரா இருக்கிறதோ அங்கெல்லாம் பதிவை எடுத்து வைக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, மின்னணுப் பதிவுக்கான சான்றும் அந்தக் கடைக்காரரிடமிருந்து தேவைப்படும். ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று உடனே பார்க்க வேண்டும். தவறாக இருந்தால், அடிபட்டவர் பேசும் நிலைக்கு வந்ததும் போலீஸில் வாக்குமூலம் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். சம்பவத்தைப் பார்த்த பூக்காரரோ ஆட்டோ டிரைவரோ யார், அவர் போன் நம்பர் என்ன என்பதை வாங்கி வைக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துத் தேடினால் அவர் அந்தத் தெருமுனையில் இருக்க மாட்டார்.

தீர்ப்பாயங்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. எந்தச் செயலுக்கு எத்தனை சதவீதம், அந்தச் செயலுக்கும் மோதலுக்கும் அல்லது காயத்துக்கும் என்ன தொடர்பு, எந்தச் சாட்சியம் அதைக் காட்டுகிறது என்று மூன்று வரி எழுதிவிட்டுப் பிறகு எண்ணைப் போடுங்கள். அந்த மூன்று வரி இருந்தால், மேல்முறையீட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று மனுதாரரின் வழக்கறிஞர் அன்று மாலையே சொல்லிவிட முடியும்.